மாட்டுக் கொட்டாய்க் களிம்பு

செத்தாலும் செம்மொழிகிட்ட சொல்லக் கூடாது. ஐப்பசி பத்தாம் தேதி காலையில, வயல் வரப்புல காலை அகட்டி நின்னுக்கிட்டு நான் எடுத்த முடிவு இது. செம்மொழி என் சம்சாரம். விஷயம் என் தொடை.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க யார்கிட்ட போய்ச் சொல்லப் போறீங்க. நான் நல்லா சாப்பிடுறவன். என் தொடை ரெண்டும் பொறந்ததுலேருந்து ஒட்டியே வளந்ததுங்க. பாபநாசத்துக்குப் பக்கத்துல மூணு ஏக்கர், சம்பா நடவு, விடாத மழை. ஈர வேட்டியோட நாள் முழுக்க நடந்ததுல ரெண்டுக்கும் ஆகாமப் போச்சு. மொதல்ல செவந்துச்சு. அப்புறம் எரிஞ்சுது. நாலாம் நாள் குருணை அரிசி தூவின மாதிரி பொரிப்பொரியாக் கிளம்பிடுச்சு.

சம்சாரத்துகிட்ட ஏன் சொல்லக் கூடாதுன்னு கேப்பீங்க. ஆடி மாசமே அவ ரெண்டு பட்டாபட்டி வாங்கிட்டு வந்தா. முழங்கால் வரைக்கும் இருக்கும், நீலத்துல வெள்ளைக் கோடு. "மழை நாள்ல உராயும்ங்க, உள்ள இதைப் போட்டுக்குங்க"ன்னா. அவங்க அப்பா போடுறது அதே கோடு. எனக்கு வந்துச்சே கோவம்! "மாமனார் டவுசரை மாட்டிக்கிட்டுத் திரிய நான் என்ன கேனயனா? இதை நான் போட்டா பாதி மீசையை எடுத்துடுறேன்"னு வீடு அதிரக் கத்தினேன். அவ ரெண்டையும் எடுத்தா. மடிச்சு பீரோவுல வெச்சா. அவ சும்மா இருந்தாத்தான் எனக்கு பயம்.

இதோட போயிருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். ஐப்பசி பத்தாம் தேதி மத்தியானமே பூதலூர்லேருந்து தங்கச்சி பூமிகா போன் பண்ணினா.

"அண்ணே, கார்த்திகை மூணாந்தேதி ஜீவிதாவுக்குக் காது குத்து. உன் மடியிலதான்."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுப் பொறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில உக்கார வெச்சு மொட்டை போட்டுக் காது குத்தணும். அப்பா போயிட்டார். பூமிகாவுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான். ஆனா அது ஒண்ணேகால் வயசு, பதினோரு கிலோ. உதைக்கும், துள்ளும். என் மடியோ அன்னைக்கு ஒரு துண்டைப் போட்டாலே தாங்காது.

நான் முடியாதுன்னா உக்கார ஆள் தயார். பெரியப்பா மகன் மணிவண்ணன். அவனும் மாமன் முறைதான். "உனக்குச் சிரமம்னா சொல்லுடா, நான் உக்காந்துக்கிறேன்"னு அவனே போன் பண்ணினான். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. தங்கச்சி பிள்ளையை அடுத்தவன் மடியில குடுத்துட்டு ஓரமா நிக்கிறதுக்கு நான் எதுக்கு அண்ணன்னு இருக்கேன்?

வைத்தியத்துல இறங்கினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். வேட்டியெல்லாம் கறை.

"என்னங்க இது?"

"சைக்கிள் செயின் எண்ணெய்."

"சைக்கிளை வித்து ஆறு வருஷம் ஆச்சு."

"பழைய கறை."

பவுடர் போட்டேன். வேர்வையில அது மாவாக் கரைஞ்சு, நடக்க நடக்க நானே அரைச்சேன். கடைசியில மெடிக்கலுக்கே போனேன். கல்லாவுல ஹஃப்ஸா. கடைக்காரர் மக, செம்மொழிக்குச் சிநேகிதி.

"என்ன வேணும் அண்ணே?"

பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. "இருமல்"னேன்.

மூணு தரம் போனேன். மூணு பாட்டில் இருமல் மருந்தோட திரும்பினேன். மூணாவது தரம் அந்தப் பொண்ணு என்னைப் பரிதாபமாப் பார்த்துச்சு.

ஒரு நாள் அடுப்படியில ஆள் இல்லை. மடியில ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கி வெச்சு ஒத்திகை பார்த்தேன். லேசா ஆட்டினேன், பிள்ளை துள்ளுமேன்னு. "ஐயோ அம்மா!"

"என்னங்க பண்றீங்க?" வாசப்படியில செம்மொழி.

"எடை பாக்குறேன்."

"கண்ணுல தண்ணி வருதே?"

"நல்ல எடை."

அவ பூசணிக்காயைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. காயை வாங்கிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குப் பூசணிக்காய்க் கூட்டு.

மாட்டு வேலையெல்லாம் செம்மொழிதான். நான் கொட்டாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். மறுநாள் காலையில கொல்லையில பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன். உள்ள அவ மாட்டுகிட்ட பேசுறது கேட்டுச்சு.

"மடியெல்லாம் வெடிச்சுப் பொரிப்பொரியா இருக்கே தாயி. நல்ல களிம்பு வாங்கியாந்திருக்கேன். வெதுவெதுன்னு தண்ணியில கழுவணும். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். ஈரம் நல்லாக் காஞ்சப்புறம் போடணும். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சொறிஞ்சே, புண்ணாயிடும். ஈரத் துணியோட நடக்கவே கூடாது."

மாட்டுகிட்ட இவ்வளவு பேசுறா. என்கிட்ட ஒரு மாசத்துல இவ்வளவு பேசினதில்லை. மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா காது ஒரு வார்த்தையை விடலை.

அவ கடைக்குப் போனதும் கொட்டாய்க்குள்ள நுழைஞ்சேன். மாடத்துல பச்சை டப்பா. மேல "மாட்டுக்கு"ன்னு அவ கையெழுத்து. ஒரு விரல் எடுத்தேன். ஏழு தலைமுறை விவசாயக் குடும்பம், கடைசி வாரிசு மாட்டு மருந்தைத் திருடுறான்! மாடு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. "மன்னிச்சுக்க தாயி"ன்னேன்.

அவ மாட்டுக்குச் சொன்னபடியே தினம் ரெண்டு வேளை போட்டேன். நாலு நாள்ல எரிச்சல் நின்னுச்சு. பத்து நாள்ல பொரி அமுங்கிடுச்சு. ரெண்டு வாரத்துல தோல் வழவழன்னு ஆயிடுச்சு. சந்தோஷப்பட முடியலை. மாட்டு மருந்துதான் கேக்குதுன்னா இது என்ன உடம்பு?

கார்த்திகை மூணாந்தேதி. பூதலூர். மணிவண்ணன் பட்டு வேட்டி கட்டி, பக்கத்துலயே காத்துக்கிட்டு நின்னான். ஜீவிதாவை என் மடியில வெச்சாங்க. ஆசாரி கம்பியை எடுத்ததும் உதைச்சா பாருங்க, யம்மாடி! நான் அசையலை. ரெண்டு காதும் குத்தி முடிஞ்சுது. பிள்ளை என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. பூமிகா அழுதா. எனக்கும் தாங்கலை, அப்பா ஞாபகம் வந்து அழுதுட்டேன்.

திரும்பி வர்றப்ப ரயில்ல எனக்குத் தலைகால் புரியலை. "பாத்தியா? பட்டாபட்டி இல்லாமயே எப்படி உக்காந்தேன்!"

"பாத்தேன்ங்க. களிம்பு தீந்திருக்குமே? ஹஃப்ஸாகிட்ட இன்னொரு டப்பா சொல்லியிருக்கேன்."

"மா... மாட்டுக்கு இன்னும் ஆறலையா?"

"மாட்டுக்கு என்ன? அது ஏழு மாசச் சினை. கறவை நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீங்க காலையில குடிக்கிறது பாக்கெட் பால் காபி."

ரயில் தஞ்சாவூர் தாண்டினதும் மெதுவாக் கேட்டேன்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மூணு பாட்டில் இருமல் மருந்து வாங்கின மனுஷன் ஒரு தரம்கூட இருமலை. வாத்து மாதிரி நடந்தீங்க. ஹஃப்ஸாதான் மனுஷங்களுக்குப் போடுற நல்ல களிம்பாக் குடுத்தா. டப்பாவை மாத்தினது நான்."

"என் கையிலயே குடுத்திருக்கலாம்ல?"

"நான் குடுத்தா போட்டுக்குவீங்களா? பட்டாபட்டி இன்னும் பீரோவுலதான் இருக்கு. மாட்டோடதுன்னா திருடியாவது போடுவீங்க."

மறுநாள் காலையில மறுபடி மழை. வயலுக்குப் போயே ஆகணும். கொட்டாய்க்குள்ள எட்டிப் பார்த்தேன். மாடத்துக்கு மேல ஆணியில ரெண்டு பட்டாபட்டி தொங்குச்சு. அதுலயும் ஒரு சீட்டு. "மாட்டுக்கு." சுத்தும் முத்தும் பார்த்தேன். மாட்டைத் தவிர யாரும் இல்லை. ஒண்ணை எடுத்துப் போட்டு, மேல வேட்டியைக் கட்டிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளியே வந்தேன்.

செம்மொழி கையில ரேசரோட நின்னா. "எந்தப் பக்கத்து மீசைங்க, வலதா இடதா?"