சுரங்கத்துக்கு நான் நடந்து போன கதை

சுவிஸில் நான் இரண்டே இரண்டு நேர்காணல்களுக்குப் போயிருக்கிறேன். முதலாவதில் உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. இரண்டாவதில் பொய் சொன்னேன், அதையும் நம்பவில்லை. இரண்டுக்கும் இடையில் இருபத்திரண்டு வருடங்கள். அவ்வளவு காலத்தில் நீ கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால், ஒரு சாக்கு உருளைக்கிழங்கை எவ்வளவு கெதியாகச் சீவி முடிக்கலாம் என்பதைத்தான் சொல்வேன். (வேலைக்கு என்னை எவரும் நேர்காணல் செய்ததில்லை. லுசேர்ண் ஹோட்டல் முதலாளி என் கையைப் பார்த்தார், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.)

முதல் நேர்காணல் அகதி விண்ணப்பத்துக்கு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். முன்னால் இருந்தவர் எழுதிக்கொண்டே ஒரு தடவை கொட்டாவி விட்டார். நம்பவில்லை என்று கடிதம் வந்தது. பிறகு மேல்முறையீடு அது இது என்று ஏழு வருடம் இழுபட்டுத்தான் நிரந்தர விசா கிடைத்தது. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, விடுவோம். இரண்டாவது, சுவிஸ் குடியுரிமைக்கானது. அதைக் கெடுத்தவை ஒரு பழைய இரும்புச் சுரங்கம், இரண்டு ஜீப், எட்டு எலுமிச்சம்பழம், பிறகு என்னுடைய வாய்.

அப்போது எனக்கு ஜீப் பைத்தியம் பிடித்திருந்தது. பிடிக்க வைத்தவர் செல்வம் அண்ணை. ஷ்லீரன் நகரில் தொழிற்சாலை வேலை செய்பவர். ஐம்பத்தைந்து வயதில் கைபேசியில் பாலைவன வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்காவில் எங்கோ கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளில் தாடிக்காரர்கள் ஜீப் ஏற்றுவார்கள். கல் உருளும், புழுதி எழும்பும், கடைசியில் ஒரு துருப்பிடித்த தகரக் கொட்டிலைக் கண்டுபிடித்து ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பார்கள். அந்த இடத்தில் அண்ணைக்கும் கண் கலங்கும். அவர் பழைய ஜீப் ஒன்று வாங்கினார். அவர் வாங்கி நான் வாங்காமல் இருந்தால் என் மானம் என்னாவது? நானும் வாங்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தோம். தலைவர் அவர், செயலாளர் நான், வேறு உறுப்பினர் இல்லை. (இருந்தும் இரண்டு தடவை பிளவுபட்டோம். எங்கள் ஆட்களின் சங்கம் அல்லவா.)

ஆனால் ஜீப் ஏற்றப் பாதை வேண்டுமே. இந்த நாட்டில் மாட்டுத் தொழுவத்துக்குக்கூடத் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். தார் போடாத பாதையென்றால் அதன் வாசலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை நிற்கும், வாகனம் போகக்கூடாது என்று. எங்கள் சங்கம் ஒன்றரை வருடமாகக் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில்தான் கூடிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் நாங்கள் குடியிருக்கும் மலையடி ஊரின் ஊராட்சியிலிருந்து குடியுரிமை நேர்காணலுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. எனக்கு, மனைவி சாந்திக்கு, மகள் அபிக்கு, மூன்று பேருக்கும் ஒரே நாள். ஊரில் உள்ள ஐந்தாறு பேரைக் கொண்ட ஒரு குழு எங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அபிக்குப் பதினேழு வயது. ஸ்கொட்லாந்தில் படிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கோ ஒரே ஒரு ஆசை. விமான நிலையத்தில் மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். என்னை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, என் இலங்கைப் பாஸ்போட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூடாது. அதற்குச் சுவிஸின் அந்தச் சிவப்புப் பாஸ்போட் வேண்டும்.

சாந்தி சூக் நகரத்தில் பெரிய அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போய்வருபவள். ரயிலில் இருந்தபடியே ஊர் வரலாற்றுப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, மேல இருக்கிற அந்த இரும்புச் சுரங்கத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பாங்களாம். நானும் அபியும் போன கிழமை ஏறிப் பாத்திட்டு வந்திட்டம். நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ரெண்டு மணித்தியால நடைதான்."

சுரங்கம். கைவிடப்பட்ட சுரங்கம். அதற்கு ஒரு பாதை. எனக்கு அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. செல்வம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்கட ஊருக்கு மேலயே ஒண்டு இருக்கண்ணை."

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை விடிய வாறன்" என்றார்.

வந்தார். பாலைவனத்துக்கே வந்தார். மண் நிறத் தொப்பி, கழுத்தில் சால்வை, சில்லு புதைந்தால் வைக்க இரண்டு தகரத் தட்டு, நாற்பது லீற்றர் குடிதண்ணீர். எங்கள் ஊரில் முந்நூறு அடிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இருபத்துநாலு மணித்தியாலமும் நல்ல தண்ணீர் ஓடுகிறது. அதைச் சொன்னால் முகம் கோணுவார் என்று பேசாமல் இருந்தேன். பின் சீற்றில் அவர் மனைவி கட்டிக்கொடுத்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் நாற்பது.

சுரங்கப் பாதை தொடங்கும் இடத்தில் அந்தச் சிவப்பு வளையப் பலகை நின்றது. ஆனால் குறுக்கே கட்டும் சங்கிலி கழன்று நிலத்தில் கிடந்தது.

"சங்கிலி திறந்து கிடக்கெண்டால் என்ன அர்த்தம்? வா எண்டுதானே சொல்லுறாங்கள்" என்றார் அண்ணை.

பத்து நாளில் நேர்காணல். ஆனாலும் செயலாளர் தலைவரை எதிர்த்தால் மூன்றாவது பிளவு வந்துவிடும்.

முதல் முதலாக மலை ஏறப்போகிற வண்டியைச் சும்மா ஏற்ற முடியுமா? பலகைக்குக் கீழேயே இரண்டு ஜீப்பையும் நிறுத்தி, எட்டுச் சில்லுக்கும் எட்டு எலுமிச்சம்பழம் வைத்தோம். அண்ணை தேங்காயில் கற்பூரம் கொளுத்தி வண்டிகளைச் சுற்றி வந்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால், எதிரே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சுவிஸ் பெண்மணி. சிவப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இரண்டு கையிலும் மலை நடைக்கான தடிகள். கற்பூரம் அணையும்வரை அசையாமல் நின்று பார்த்தார். பிறகு "க்ரூயெட்சி" என்று வணக்கம் சொல்லிவிட்டு, பாதையில் ஏறத் தொடங்கினார். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நாங்களும் புறப்பட்டோம்.

இரண்டு நிமிடத்தில் அவரை முந்தினோம். எங்கள் புழுதியில் அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நின்றார். அண்ணை கையைக் காட்டினார், மகாராஜா ஊர்வலம் போவதுபோல.

அடுத்த வளைவில் பாதையின் நடுவே ஒரு பாறை. அதை உருட்ட அரை மணித்தியாலம் போனது. நாங்கள் முக்கிக்கொண்டு நிற்க, தடிகளின் டக் டக் சத்தம் வந்தது. "க்ரூயெட்சி." போய்விட்டார். பாறையை உருட்டி, அவரை மறுபடி முந்தி, மறுபடி புழுதியடித்து ஏறினோம். பழைய தண்டவாள ஆணி ஒன்று அண்ணையின் டயரில் ஏறியது. டயர் மாற்றினோம். டக் டக். "க்ரூயெட்சி." மூன்றாவது தடவை முந்தும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மரங்கள் முடிந்து வெறும் கல்லாக இருந்த இடத்தில், மழை வெள்ளம் பாதையின் பாதியைக் கொண்டுபோயிருந்தது. அண்ணையின் வண்டி எப்படியோ தாண்டிவிட்டது. நான் ஏறினேன். பின்சில்லுக்குக் கீழிருந்த விளிம்பு சரிந்தது. ஜீப்பின் வயிறு ஒரு கல்லில் குந்தியது. ஒரு சில்லு அந்தரத்தில், கீழே பள்ளத்தாக்கில் என் வீட்டுக் கூரை தெரிந்தது. நாலு சில்லும் இழுக்கும் வண்டி என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள், அதில் ஒரு சில்லு இப்போது காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணையால் மேலேயிருந்து திரும்பி வரவும் வழியில்லை.

டக் டக்.

"உதவி வேண்டுமா?" என்று அந்தப் பெண்மணி ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன் நான், தலைகீழாகத் தொங்காத குறையாக. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சீருடை இல்லாத ஒரு கிழவி கேட்டால்கூட, வெள்ளைக்காரரிடம் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்ட வாய்.

அவர் மேலே போனார். சுரங்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு அப்பிளைக் கடித்தபடி திரும்பியும் வந்தார். நாங்கள் அதே இடத்தில் இருந்தோம். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து யாருக்கோ இரண்டு சொல் பேசிவிட்டு இறங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்த புல்வெளியிலிருந்து ஒரு விவசாயி ட்ராக்டரில் வந்தார். சங்கிலியைக் கழற்றி வைத்திருந்தவர் அவர்தான். கயிறு கட்டி இழுத்தார். செல்வம் அண்ணை அவருக்கு ரோல்ஸ் நீட்டினார். இரண்டு தின்றார், மூக்கைத் துடைத்தார்.

"சுரங்கம் இங்கேயிருந்து ஏழு நிமிடம்தானே. ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையாகவே அது எங்கள் மூளையில் உதிக்கவில்லை. அவர் ட்ராக்டரை எங்களுக்குப் பின்னால் ஓட்டி, இரண்டு ஜீப்பையும் மாடு ஓட்டிச் சாய்ப்பதுபோல ஊர்வரைக்கும் சாய்த்துக்கொண்டுவந்து விட்டார். சுரங்கத்தை நான் காணவேயில்லை.

"பாத்தீங்களோ?" என்று சாந்தி கேட்டாள்.

"ஓம், பாத்தன். நல்ல வடிவு" என்றேன்.

நேர்காணலுக்கு முதல் நாள் அண்ணை போனில் வகுப்பெடுத்தார். அகதி விண்ணப்பக் காலத்திலிருந்து எத்தனையோ பேருக்கு என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்த மனிதர். "தம்பி, சுரங்கத்தைக் கேட்டால் நடந்து போனனான் எண்டு சொல்லு. நடக்கிறவனைத்தான் இவங்களுக்குப் பிடிக்கும். நீ முதல் விசாரணையில உள்ளதைச் சொல்லி என்னத்தைக் கண்டனீ?"

ஊராட்சி மண்டபத்தில் நீள மேசை. நடுவில் வெள்ளைத் தலைமயிருடன் ஒரு பெண்மணி, மூக்கில் வாசிக்கும் கண்ணாடி. சாந்தி கேட்டதற்கெல்லாம் ஆற்றுவெள்ளம்போலப் பதில் சொன்னாள். அபிக்கு இந்த ஊர் ஜெர்மன்தான் தாய்ப்பால். என் முறை வந்தது. அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடு கேட்டார்.

"நம்முடைய சுரங்கத்துக்குப் போயிருக்கிறீர்களா?"

"ஓம், போயிருக்கிறேன்."

"எப்படிப் போனீர்கள்?"

"நடந்து."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நடந்தா?"

"நடந்துதான். எனக்கு மலையில் நடப்பது மிகவும் பிடிக்கும்." (கேளாததற்கும் பதில்.)

"அப்படியானால், சுரங்க வாசலுக்கு மேலே என்ன இருக்கிறது?"

சுவிஸில் எதற்கு மேலே எது இருக்கும்? யோசித்தேன். "சுவிஸ் கொடி" என்றேன், கம்பீரமாக.

மேசைக்குக் கீழே சாந்தியின் கால் என் காலை மிதித்தது. அபி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் எழும்பினார்கள். அந்தப் பெண்மணி மூலைக்குப் போய், அங்கே சாத்தியிருந்த இரண்டு தடிகளை எடுத்தார். பையிலிருந்து சிவப்புத் தொப்பியை எடுத்துப் போட்டார்.

"க்ரூயெட்சி" என்றேன். போகும்போது சொல்லும் சொல் அதுவல்ல.

இரண்டு பேருக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. கடிதத்தில் ஒரே ஒரு வரி, நான் சொன்னது நம்பத்தக்கதாக இல்லையாம். அதே வசனம், இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வந்த அதே வசனம். அப்போது அதை வாசித்து அழுதேன், கோபம் வந்தது. இந்தத் தடவை கோபப்பட ஆள்கூட இல்லை. ஜீப், ட்ராக்டர், ஏழு நிமிடம் எல்லாவற்றையும் சாந்தியிடம் ஒப்புக்கொண்டேன், மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "ஏழு நிமிசமப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஜீப்பை விற்றேன். பிறகு ஒரு ஞாயிறு தனியாக, உண்மையாகவே நடந்து மேலே போனேன். சுரங்க வாசலுக்கு மேலே கல்லில் ஒரு சின்ன மாடம். அதற்குள் ஒரு பெண் தெய்வத்தின் சிலை, காலடியில் விளக்கு வைத்துக் கறுத்துப்போன இடம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் டக் டக்.

"அது சுரங்கக்காரரின் காவல் புனிதை" என்றார் அவர். "உள்ளே போகுமுன் இங்கே விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். என் தகப்பனும் ஏற்றினார். நீங்கள் கீழே ஏற்றியதைப் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்வீர்கள் என்று நினைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஜீப் கதையையும் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம்."

உள்ளதைச் சொல் என்று என்னிடம் இந்த நாட்டில் கேட்ட ஒரே ஒரு ஆள், அவரிடம் போய் நான் கொடியைக் காட்டியிருக்கிறேன்.

போன வருடம் அபிக்கு ஸ்கொட்லாந்தில் பட்டமளிப்பு. சாந்தி சிவப்புப் பாஸ்போட்டை ஆட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். என் இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா கேட்டு எழுதினேன், வரவில்லை. ஹோட்டல் குசினியில், கிழங்கு மூட்டையில் கைபேசியைச் சாத்திவைத்துப் பார்த்தேன். மகள் கறுப்பு அங்கியோடு மேடையில் ஏறினாள், இறங்கினாள். முடிந்ததும் போனில் முகத்தைக் காட்டினாள்.

"பாத்தீங்களோ அப்பா?"

"பாத்தன் பிள்ளை. அடுத்த முறை நான் நேரில வருவன்."

அந்த நேர்காணலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்கும் அந்தக் கேள்வியை அபி அங்கேயும் விடவில்லை.

"நடந்தோ?" என்றாள்.

பக்கத்தில் நின்ற சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அபி மட்டும் சிரிக்கவில்லை, அந்தப் பட்டத் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டாள்.