புளி போட்டுக் கழுவிய வேப்

ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஆண்களில் பலருக்கு ஒரு வியாதி உண்டு. கம்ப்யூட்டரைச் சரி செய்யத் தெரிந்துவிட்டால், உலகத்தில் பட்டன் வைத்த சாமான் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று நினைப்பார்கள். அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்தில் நான் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து நியூ லின்னில், ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். எனக்குக் கல்யாணமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேலை ஹெல்ப் டெஸ்க். லேப்டாப்பில் காபி கொட்டிவிட்டது என்று யாராவது அழாத குறையாகப் போன் செய்தால், உடனே அணையுங்கள், முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள் என்று பாடம் எடுப்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு எடுத்த பாடம் அது. என் மண்டையில் மட்டும் ஏறவில்லை.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்ற பெருமையில் வேப் என்கிற மின் சிகரெட்டைப் பிடிக்க ஆரம்பித்திருந்தேன் (ஒரு குழியிலிருந்து ஏறிப் பக்கத்துக் குழியில் விழுவதற்குப் பெருமை வேறு!). விரல் நீளக் கருவி, மாம்பழ வாசனை. அம்மாவுக்குத் தெரியாது. அவள் கோயம்புத்தூரில் பெண் வீட்டாரிடம், "எம் பையனுக்கு டீ குடிக்கிற பழக்கம்கூடக் கிடையாது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து நான் நானாக இல்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் அவளுடைய சித்தப்பா. ஆக்லாந்தின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் குடியிருந்தார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவது வழக்கமாயிற்றே. அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை பார்த்து வேப் அடைத்துக்கொண்டது. பதற்றத்துக்கு ஒரு இழுப்பு இழுக்கலாம் என்றால் காற்றே வரவில்லை. கேப்பைக் களியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியது மாதிரி கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டியதுதான் மிச்சம். கழற்றிப் பார்த்தேன். காற்று போகிற துளைகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது. விபூதி! வாரா வாரம் கோயிலில் தரும் விபூதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போடுவேன். அதே பையில்தான் வேப்பும் குடியிருந்தது. கசிந்த திரவத்தில் விபூதி குழைந்து சிமென்ட் ஆகியிருந்தது.

அறையை என்னோடு பகிர்ந்துகொண்டிருந்த குகன் யாழ்ப்பாணத்துக்காரன். எட்டிப் பார்த்தான்.

"மச்சான், காய்ஞ்ச பஞ்சால மெல்லமாத் துடைச்சுப்போட்டு விடு. உதுக்குத் தண்ணி படக் கூடாது."

"நீ அக்கவுண்டன்ட். நீ கணக்கைப் பாரு. இது டெக்னிக்கல்" என்றேன்.

டெக்னிக்கல் நிபுணர் முதலில் ஊசியால் குத்தினார். ஊசி வளைந்தது. பிறகுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. அம்மா குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்ப்பாள்? எந்தக் கறையும் புளிக்கு நிற்காதே! எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கரைத்தேன். வேப்பைப் பேட்டரி, சென்சார், சார்ஜ் போடும் துளை சகிதமாக அப்படியே அதில் முக்கினேன். விபூதி பட்ட இடத்தில் லேசாக நுரை கிளம்பியது.

"பாத்தியா, ரியாக்‌ஷன்!" என்றேன். குழாயடியில் அலசி, காய்வதற்காக ரைஸ் குக்கர் மூடியின் மேல் வைத்தபோது குகன், "எனக்கு இண்டைக்குச் சோறு வேண்டாம்" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து எடுத்து இழுத்தேன். காற்று சும்மா ஜிலுஜிலுவென்று வந்தது. கூடவே ரசவாடையும் வந்தது, அதை யார் கவனித்தார்கள்? இந்த ஆக்லாந்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நெஞ்சை நிமிர்த்திய நேரத்தில் காலிங்பெல் அடித்தது. வேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

சித்தப்பா உட்கார்ந்ததும் தன் போனில் வீடியோ கால் போட்டு, மேஜைமேல் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். பெண்! "பாப்பாவும் வீட்டைப் பாக்கட்டும்னுதாங்க" என்றார். வேலை, விசா, வாடகை என்று விசாரணை நல்லபடியாகவே போனது. கடைசியில் கேட்டார்.

"கேக்கறனேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. ஏதாவது பழக்கம் கிழக்கம் உண்டுங்களா?"

"சேச்சே, என்ன அங்கிள் நீங்க" என்றேன், நெஞ்சில் கை வைக்காத குறையாக.

அந்த நெஞ்சிலிருந்து புகை வந்தது.

இந்தக் கருவிகளுக்குள் ஒரு சென்சார் உண்டு. ஆள் இழுப்பதை உணர்ந்து சூடாக்கும். அதை நனைத்துவிட்டால் யாரும் இழுக்காமலே யாரோ இழுப்பதாக நினைத்துக்கொண்டு தானாக எரிய ஆரம்பித்துவிடும். மாம்பழமும் புளியும் சேர்ந்து கருகும் நெடியோடு, என் சட்டைப் பை குபுகுபுவென்று புகைந்தது.

"ஏனுங்க, தம்பி சட்டை புகையுதுங்க!" என்று அலறினார் அவர் மனைவி. கூரையிலிருந்த புகை அலாரம் வீறிட்டது. நான் பையைத் தட்டினேன், குதித்தேன், அணைக்க ஒரு பட்டன் இல்லாத சாமானில் பட்டனைத் தேடினேன். குகன்தான் சமையலறை இடுக்கியோடு ஓடி வந்து, அதைப் பிடித்து இழுத்துப் பின்பக்கப் புல்தரையில் வீசினான். தூறலில் கிடந்தும் அது அடங்காமல் புகைந்துகொண்டிருந்தது.

சித்தப்பா நிதானமாகக் கேட்டார். "அது என்னங்க தம்பி?"

"ஆபீஸ் பென் டிரைவ், அங்கிள்."

"பென் டிரைவ் புகையுங்களா?"

"ஹெவி ஃபைல், அங்கிள்."

(இன்றுவரை இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.) சித்தப்பா குகன் பக்கம் திரும்பினார். குகனுக்குப் பொய் வராது.

"வேப் அங்கிள். விபூதி அடைச்சுப் போச்சு. உவர் அதைப் புளி கரைச்சுக் கழுவினவர்."

"புளியா?" என்றது போன்.

அந்தப் பெண் என் காதில் விழும்படி பேசிய முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுதான்.

மறுவாரம் சித்தப்பா கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, புகை பிடிக்கறதைப் பாப்பா பெருசா எடுத்துக்கலைங்க. பொய் சொன்னதைக்கூட, பயத்துல சொல்லியிருப்பாருன்னு விட்டுருச்சு. ஆனா கம்ப்யூட்டர் வேலை பாக்கறவரு கரண்ட்டு சாமானைப் புளித்தண்ணில ஊற வெச்சிருக்காரே, இவரோட எப்படிச் சித்தப்பா குடித்தனம் பண்றதுன்னு கேக்குதுங்க. எனக்கும் பதில் தெரியலீங்க."

"அது கரண்ட் இல்ல அங்கிள், பேட்டரி" என்று திருத்தினேன். அந்த நேரத்திலும் திருத்தினேன்! போனை வைத்த பிறகுதான் என்ன போய்விட்டது என்று உறைத்தது. நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை. வேப்பை மட்டும் அன்றோடு விட்டேன். அதற்காக யாரும் பாராட்டவில்லை.

என்மேல் பரிதாபப்பட்டோ என்னவோ, சித்தப்பாவும் அவர் மனைவியும் அதன் பிறகு என்னை அடிக்கடி சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனபோது, ஊரிலிருந்து வந்திறங்கிய என் மனைவிக்கு முதல் விருந்தும் அவர்கள் வீட்டில்தான். விருந்தோடு முழுக் கதையையும் பரிமாறிவிட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் டோஸ்டர் மக்கர் செய்தாலும் என் மனைவி பாட்டனி டவுன்ஸுக்குத்தான் போன் போடுகிறாள். வீட்டுக்குள் ஒரு டெக்னிக்கல் நிபுணர் இருக்க, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து சித்தப்பா காரை எடுத்துக்கொண்டு வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

"தம்பி எதையும் தொடலீங்களே, அம்மிணி?"

"இல்ல அங்கிள். சோபாவுல உக்கார வெச்சிருக்கேன்."