உள்ளூர்க்காரர் விலை

அவசரத்தில் ஏமாறுகிறவர் உண்டு, ஆசையில் ஏமாறுகிறவர் உண்டு. அவர்களை விட்டுவிடுங்கள், பாவம். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். குளித்து முழுகி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானே கடைதேடிப் போய், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, கடைக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்ற பூரிப்போடு வீடு திரும்புகிற இனம். குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் இது கூட்டம் கூட்டமாக வெளியே வரும். இதற்குப் பெயர் உள்ளூர்க்காரர்.

உதாரணத்துக்குக் குற்றாலீஸ்வரனையே எடுத்துக்கொள்வோம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீடு. போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பிக்பாக்கெட்டை நடையை வைத்தே பிடித்தவர். ஆனால் கடைக்காரர்கள் முன்னால் மட்டும் அந்தக் கண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார். கடையில் தொங்கும் விலை அட்டை வெளியூர்க்காரனுக்கு என்பது அவர் கொள்கை. பிறந்த மண்ணில் நின்றுகொண்டு அட்டையைப் படித்தா பழம் வாங்குவது? மானம் என்ன ஆவது?

போன சீசனில் இப்படித்தான், "அண்ணாச்சிக்கு மட்டும்" என்று கிடைத்த மலைத்தேனைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார். எறும்பு வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது. அன்றைக்கே மனைவி ஆவுடைத்தாய் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"அடுத்த சீசன்லயும் ஏமாந்து வந்தியன்னா, பென்சன் ஏடிஎம் கார்டு என் கைக்கு வந்துரணும். பொறவு டீ குடிக்கணும்னாலும் என்கிட்டதான் கேக்கணும், ஆமா."

கார்டு போனால் கடைவீதி போயிற்று. கடைவீதி போனால் "வாங்க அண்ணாச்சி"யும் போயிற்று. அது இல்லாமல் ஒரு மனிதன் எப்படி உயிர் வாழ்வது? குற்றாலீஸ்வரன் உண்மையிலேயே பயந்துபோனார்.

இந்த வருஷம் சுரண்டையிலிருந்து சம்பந்தி சுடலைக்கண்ணு அருவிக் குளியலுக்கு வந்தார். இருவரும் ஐந்தருவியில் தலை நனைத்துவிட்டு முத்துகுமரனின் பழக்கடைக்கு வந்தார்கள். கடைக்காரன் தலைக்கு மேலே, 'மங்குஸ்தான் கிலோ 300' என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"ஏலே முத்துகுமரா, மங்குஸ்தான் என்ன வெல சொல்லுத?"

"அண்ணாச்சியா! வாங்க, வாங்க. வெளியூர்க்காரனுக்கு ஐநூறு. உங்ககிட்ட அப்பிடிச் சொல்ல முடியுமா? நானூத்தம்பது."

"யாருகிட்டலே? இந்தத் தண்ணியிலயே பொறந்து வளந்தவன் நான். நானூறு!"

முத்துகுமரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "கட்டாது அண்ணாச்சி... சரி, உங்க வாயால சொல்லிட்டிய. வெளிய மட்டும் சொல்லிராதிய." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, கீழ்க்கூடையிலிருந்து பழம் எடுத்தான். மேல்கூடை நிறைந்துபோனதால் மிச்சத்தைக் கொட்டிய கூடை அது, வேறொன்றுமில்லை.

குற்றாலீஸ்வரன் பையை வாங்கிக்கொண்டு, கோட்டையைப் பிடித்த தளபதி மாதிரி முன்னால் நடந்தார். பின்னால் வந்த சம்பந்தி அட்டையைப் படித்தார், முந்நூறைக் கொடுத்தார், மேல்கூடையில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டார்.

வீட்டில் இரண்டு பைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. ஆவுடைத்தாய் சம்பந்தியிடம்தான் முதலில் கேட்டாள்.

"நீங்க என்ன வெலைக்கு வாங்குனிய அண்ணாச்சி?"

"முந்நூறுதாம்மா. போர்டுல எழுதிப் போட்டிருந்தான், குடுத்துட்டு வந்தேன்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"நா... நானூறு."

ஆவுடைத்தாய் கையை மட்டும் நீட்டினாள். சட்டைப்பையிலிருந்து கார்டு பாதி வெளியே வந்துவிட்டது. அந்த நேரத்தில் மனிதருக்குப் பழைய போலீஸ் ரத்தம் கொதித்தது. செல்லை எடுத்து முத்துகுமரனைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே! என் சம்மந்திக்கு முந்நூறுக்குக் குடுத்திருக்க. எனக்கு மட்டும் எப்பிடிலே நானூறு?"

அந்தப் பக்கத்திலிருந்து குரல் தேனாக வந்தது.

"அண்ணாச்சி, அது போர்டு பழம். யாரு வந்து கேட்டாலும் குடுக்கது. உங்களுக்குக் குடுத்தது கீழ்க்கூடைப் பழம்லா? வெளியாளுக்கு அதக் கண்ணுலகூடக் காட்ட மாட்டேன்."

ஆவுடைத்தாய் இரண்டு பைகளிலும் ஒவ்வொரு பழம் எடுத்து உடைத்தாள். அதே வெள்ளைச் சுளை, அதே புளிப்பு, அதே இனிப்பு. இதை ஒரு சுளை தின்றாள், அதை ஒரு சுளை தின்றாள், மறுபடி இதைத் தின்றாள்.

"இவுக வாங்குனது... கொஞ்சம் கூட இனிக்கத்தான் செய்யுது" என்றாள்.

கார்டு சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது. சம்பந்தி முகம்தான் சுருங்கிவிட்டது. படித்துப் பார்த்து, சரியான விலை கொடுத்து, நல்ல பழம் வாங்கி வந்த மனிதர், என்னவோ பெரிதாக இழந்தவர்போல் தன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சம்மந்தி, ஊருக்குப் போகையில பிள்ளையளுக்கு ரெண்டு கிலோ வாங்கணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா, எனக்கும் நானூறுக்கே குடுப்பானா?"

குற்றாலீஸ்வரன் மோவாயைத் தடவினார். "கஷ்டந்தான். எதுக்கும் பேசிப் பாக்கேன்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நாளைக்கு நீங்களும் வழக்கமான கடைக்குப் போவீர்கள். "உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்" என்பார் அவர். தலைக்கு மேலே அட்டை தொங்கும். அவ்வளவு பாசமாகப் பேசுகிற மனிதரின் முன்னால் அதை எப்படி நிமிர்ந்து பார்ப்பது? பார்க்க மாட்டீர்கள். கொஞ்சம் குனிந்து, கீழ்க்கூடையைத்தான் எட்டிப் பார்ப்பீர்கள்.