எதிர்க்கட்சி ஒரே ஒரு முறை ஒத்துக்கொண்டார்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. சொன்னால், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் காதில் விழும். "எவன் சொன்னான்?" என்று ஆரம்பித்துவிடுவார். விழுப்புரம் முழுக்கத் தேடினாலும் அவரைப் பேசி ஜெயித்தவன் கிடையாது. அவருடைய பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் எதிர்க்கட்சி.

கொள்கை என்று தனியாக எதுவும் இல்லை. எதிரே நிற்பவர் எந்தப் பக்கமோ, அதற்கு மறுபக்கம். வாதம் சூடாக ஆக, பெட்டிக்குள் கரி ஆறிக்கொண்டே போகும். எங்கள் தெரு ஆண்கள் பாதிச் சட்டை மடிப்போடும் பாதிச் சட்டை கசங்கலோடும் வேலைக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

மனிதர் தனிக்கட்டை. ஆனால் ஊரார் எத்தனை பிள்ளை பெறலாம் என்பதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, தனக்கு அஞ்சு பிள்ளை என்று ஒரு நாள் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

"அஞ்சா? ஒரு வஞ்சிரத்த அஞ்சு பேருக்குப் போட்டா ஆளுக்கு இன்னாம்மா வரும்?"

"உனுக்கு வாலு வரும். போய்யா, துணியத் தேய்!"

அன்று சாயங்காலமே மாடி வீட்டு சார் வந்தார். ஒரே பையன், அவனும் வெளிநாட்டில். "இல்லாதவங்கதான் வதவதன்னு பெத்துப் போடறாங்க. நாடு எப்படிங்க உருப்படும்?" என்றார். காலையில் பேசியதை எதிர்க்கட்சி அப்படியே மறந்தார்.

"சாரு வூட்ல ரெண்டு பேரு, நாலு ஏசி. எங்க வரிசையில ஒரே ஃபேனுக்குக் கீழ ஏழு பேரு படுத்துக்கினு கெடக்கறான். கரெண்ட்ட தின்னது எந்த வூடு சார்?"

சார் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாடிக்கை போயிற்று. முகத்தில் மட்டும் ஓட்டு எண்ணி ஜெயித்த களை.

என் கதைக்கு வருகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கவலைப்படுவது முழு நேர வேலை, டயர் கடை பகுதி நேரம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர், நான் நாலாவது. "ஆறா?" என்று கேட்டதுமே மூன்று இடத்தில் பெண் தர மறுத்துவிட்டார்கள். நாலாவதாகத் திண்டிவனத்தில் ஓர் இடம். புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போய்விட்டால்?

கிளம்புகிற நேரத்தில் மாமாவுக்குக் காய்ச்சல். ஐந்து பேர் நாலு பேராகிவிட்டோம். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் போகக்கூடாதே என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, என் சட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, வழக்கம்போல லேட்டாக வந்து சேர்ந்தார் எதிர்க்கட்சி.

"அண்ணே, ஜல்தியா வண்டியில ஏறுங்க. ஆனா அங்க வந்து வாய மட்டும் தொறக்கக்கூடாது."

"நான் எதுக்கும்மா தொறக்கப் போறேன்?"

இதற்கே அவர் மறுத்துத்தான் பேசினார்.

பெண்ணின் அப்பா ரிட்டையரான பஸ் கண்டக்டர். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பிறகு அந்தக் கேள்வியும் வந்தது.

"ஆறு பேருங்களா? நாங்க ஒண்ணே ஒண்ணு பெத்து ஒழுங்கா வளத்தோம். ஒரு வூட்ட ஆறா பிரிச்சா எம் பொண்ணுக்கு இன்னா மிஞ்சும்? நீங்களே சொல்லுங்க."

அப்பா தலை குனிந்தார். நான் மனசுக்குள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போது எதிர்க்கட்சி பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார்.

"ஐயா சொல்றது ரொம்ப கரெக்ட்டு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இவர் ஒத்துப்போய் நாங்கள் பார்த்ததே இல்லை. அதுவும் இந்த நேரத்திலா?

"ஆறு பேரு இருக்கற வூட்ல பொண்ணு குடுக்கவே கூடாதுங்க. ஒரே பேஜாரு. பையனோட அப்பா, இதோ இவரு, காலு ஒடிஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஆறு பேரும் அங்கியே குந்திக்கினானுங்க. கூட்டம் போடாதீங்கன்னு நர்சு கத்தறாங்க, ஒருத்தனும் நவுரல. அப்பறம் இந்த மல்லாட்ட. கடலப் பொட்டலத்த ஆறா பங்கு போடுவானுங்க. அம்மாவுக்குப் பங்கு இல்லன்னு ஆளுக்கு ஒரு புடி எடுத்து வெப்பானுங்க. கடசில பாத்தா அம்மாவுக்குத்தான் ஜாஸ்தி! இது இன்னா ஞாயம்?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யோவ், எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆனப்ப எம் பொண்ணு ஒருத்தியேதான் மருந்துக்கும் ஓடிச்சி, சோத்துக்கும் ஓடிச்சி. ஆறு பேரு வந்து குந்தனா அது ஒரு குத்தமா?"

"குத்தந்தாங்க."

"குத்தம் இல்லய்யா!"

"இடம் பத்தாதே?"

"மனசு இருந்தா பத்தும்யா! நீ இன்னா பெரிய பேச்சு பேசற?" என்று தொடையைத் தட்டிய கண்டக்டர், அதே வேகத்தில் உள்பக்கம் திரும்பினார். "தாம்பாளத்த எடுத்துக்கினு வா!"

திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "வேணும்னுதானே அப்படிப் பேசனீங்க?"

"இல்ல தம்பி. அவுரு சொன்னது ஞாயமாத்தான் பட்டுது. ஒத்துக்கினு பேசிப் பாத்தேன். பழக்கம் இல்ல பாரு, சரியா வரல."

இன்றுவரை அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

போன மார்கழியில் அவர் போய்ச் சேர்ந்தார். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இப்போது யாரோ பைக் நிறுத்துகிறார்கள். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. இன்னொன்று பெறலாமா என்று என் மனைவி கேட்கிறாள். வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் என்று எனக்கு ஆயிரம் கவலை. நேற்று டயர் கடைக்குக் கிளம்பும்போது, பைக் நின்ற அந்த இடத்துக்கு நேரே வந்ததும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இந்தக் காலத்துல ஒண்ணே போதும்!" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.