பள்ளிக்கூடத்துப் பொம்மையின் ஒன்பது உருப்படிகள்

தூத்துக்குடி,
9-9-1975, செவ்வாய்.

மிகுந்த மரியாதைக்குரிய அத்தான் சுந்தரராஜ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் கிருபாநிதி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், ஜெயபாய் சுகம், தாங்கள் மனமுவந்து இரவல் கொடுத்த பள்ளிக்கூடத்துப் பொம்மையும் சுகம். நாசரேத்தில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து அறிவியல் சாமான்களை ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்ப்பார் என்றும், ஓர் உருப்படி குறைந்தாலும் தங்களுக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் வேலை கைநழுவிப் போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். மறக்கவில்லை. 'மனித உடல், ஆண், திறந்து மூடக்கூடியது, 1. உள் உருப்படிகள், 9' என்று ரிஜிஸ்டரில் இருப்பதும் மனப்பாடம். பொம்மை ஒன்று என்ற அளவில் ஒரு குறையும் இல்லை. உள் உருப்படிகள் விஷயமாகத்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து உட்கார்ந்து வாசிக்கவும்.

நான் ஏன் இதை இரவல் வாங்கினேன் என்பது தங்களுக்குத் தெரியும். புது ஹார்பரில் முதலுதவி அறை திறக்கிறார்கள், ஆம்புலன்ஸ் பரீட்சை பாஸ் செய்த கிளார்க்குக்கு அங்கே நாற்காலி, இல்லையென்றால் இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் கப்பலடியில் வெயிலில் நின்று உப்பு மூட்டை எண்ண வேண்டியதுதான். படத்தைப் பார்த்துப் படித்தால் எனக்கு ஏறாது, தொட்டுப் பார்த்தால்தான் ஏறும். அதனால்தான் வந்து கேட்டேன். கொண்டுவந்த அன்றைக்கே சகுனம் சரியில்லை. போர்வையைச் சுற்றி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தேன், கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார். ஆழ்வார்திருநகரியில் ஏறிய ஒருவர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஆதிச்சநல்லூர் தாழியில இருந்து எடுத்ததா அண்ணாச்சி? நல்லா கெட்டுப்போவாம இருக்காரு!" என்று கும்பிட்டார். நான் மறுத்துச் சொல்லச் சொல்ல அவர் பொம்மைக்குத் திருநீறு பூசுகிறார். அந்தத் திருநீறு இன்னும் பொம்மையின் காதுக்குள் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் வருமுன் துடைத்துவிடவும்.

வீட்டில் பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. காலையில் எழுந்ததும் வயிற்றைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் சொல்லித் திருப்பி வைப்பேன். ஆனால் திரேஸ்புரம் கடல்காற்று தங்களுக்குத் தெரியாததா, வார்னிஷ் பிசுபிசுத்துப் போய் ஈரலில் ஒட்டிய என் விரல் வரவில்லை. அதனால் போன சனிக்கிழமை நான் பரீட்சைக்குப் புறப்படும்போது, உருப்படிகளைக் காயவைக்கும்படி ஜெயபாயிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவளும் அரிசி புடைக்கிற சுளவில் பரப்பி, கருவாடு காயவைக்கிற மாதிரி மதில்மேல் வைத்திருக்கிறாள்.

பரீட்சை பாஸ், அத்தான். அதையாவது சந்தோஷமாகக் கேளுங்கள். டாக்டர் ரத்த ஓட்டம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டார். "எங்கேயும் தொடங்கலை சார், ஹார்பர் லாரி மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. நுரையீரல்ல காத்தை ஏத்தி இருதயத்துக்கு வருது, இருதயம் ஒரு தள்ளு தள்ளுனா உச்சி முதல் உள்ளங்கால் வரை போய் இறக்குது, வாரப்ப அழுக்கை ஏத்திக்கிட்டு மறுபடி இருதயம், மறுபடி நுரையீரல்" என்றேன். சாப்பாடு? "இரைப்பையில மூணு நாலு மணி நேரம் கிடந்து கூழாகுது, சிறுகுடல் இருவது அடி, அங்கன சத்து ரத்தத்துல ஏறுது, ஈரல் அதை வாங்கி வச்சு வேணுங்கப்ப வெளிய விடுது." சிறுநீரகம், அதாவது நம் குண்டிக்காய்? "அது எங்க ஆளு சார், மூட்டை எண்ணுற டாலி கிளார்க். ரத்தத்துல எது தங்கணும் எது கழியணும்னு பாத்து பாத்து அனுப்புது." டாக்டர் சிரித்துச் சிரித்து எழுபது மார்க் போட்டார்.

அந்தச் சந்தோஷத்தோடு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மதில்மேல் வெறும் சுளவு. அதில் மூளை மட்டும் தனியாகக் கிடக்கிறது. "ஏளா, மத்ததெல்லாம் எங்கன?" என்று ஜெயபாயிடம் கேட்டேன். ரேஷன் கடைக்குப் போயிருந்தாளாம், அவ்வளவுதான் சொன்னாள். மூளையை மட்டும் ஏன் விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தெருவில் யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை போலிருக்கிறது.

ஞாயிறு முழுவதும் தேடி, நேற்றுத்தான் சங்கதி வெளியே வந்தது. பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்காவைத் தங்களுக்குத் தெரியும், போன தடவை வந்தபோது தங்களுக்கு நண்டுக் குழம்பு கொடுத்தவர்கள். அவர்கள் ஆர்.சி. கண்வலி என்றால் வெள்ளியில் கண் செய்து, கால்வலி என்றால் மெழுகில் கால் செய்து, தெருமுனை அந்தோணியார் குருசடியில் நேர்ச்சையாக வைப்பார்கள். ஆனால் கடையில் கை, கால், கண்தான் கிடைக்கும், உள்ளே இருக்கிற சாமான் கிடைக்காது. அக்காவுக்கோ பதினோரு வருஷமாக வயிற்றுவலி. சுளவில் கைக்கு அடக்கமாக, கலர் அடித்து, இரைப்பையே இருக்கிறது. அக்கா எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டார்கள். சேதி தெருவில் பரவிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் தொம்மை அண்ணாச்சி சங்கு குளிக்கிறவர், மூச்சுத்தானே அவருக்குச் சோறு, நுரையீரல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈரல் ஒரு கள்ளுக்குடியன் மனைவிக்குப் போயிற்று. குடல் ஒரு வீட்டுக்கு, குண்டிக்காய் ஆளுக்கொன்றாக இரண்டு வீட்டுக்கு. நாம் சி.எஸ்.ஐ. சபையார், இந்த மாதிரி வழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது, இப்படி ஒரு காரியம் நடக்கும் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை.

குருசடிக்கு ஓடினேன். ஏழு உருப்படிகளும் நீல ரிப்பன் கட்டி, மல்லிகைப்பூ சுற்றி, வரிசையாகத் தொங்குகின்றன. இருதயத்தை மட்டும் காணோம். எடுக்கக் கை நீட்டினேன், குருசடியைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பதறிப்போனார். "நேர்ச்சையைத் தொடாதிய கிளார்க்கய்யா! எடுத்தா அவங்க நோக்காடு அப்படியே ஒங்களுக்கு வந்துரும். வச்சவங்களே மனசு வந்து எடுத்துத் தரணும்" என்றார். பதினோரு வருஷ வயிற்றுவலியும் குடியனின் ஈரலும் ஒரே நாளில் எனக்கு எதற்கு? சரி, வைத்தவர்களிடமே பேசிப் பார்ப்போம், படித்த படிப்பு எதற்கு உதவும் என்று தெரு ஜனங்களைக் கூட்டினேன். அங்கேதான் அத்தான் நான் புத்தி கெட்டுப்போனேன்.

பிளாரன்ஸ் அக்காவிடம் நயமாகச் சொன்னேன்: "அக்கா, ஒங்களுக்கு வலி இரைப்பையிலன்னு யார் சொன்னா? அது குடலாவும் இருக்கலாம்லா? பித்தம்னா ஈரல் பக்கமாவும் இருக்கலாம். தப்பான உறுப்பை வச்சா எப்படிக் குணமாகும்? இரைப்பையை எடுத்துருங்க." அக்கா யோசித்தார்கள். "அப்படியா சொல்லுதிய? அப்ப அந்தக் குடலுலயும் ஈரலுலயும் எம் பேரையும் சேத்து எழுதிருதேன்" என்று கொண்டை ஊசியால் மூன்றிலும் பெயரைக் கீறிவிட்டார்கள். தொம்மை அண்ணாச்சியிடம், நுரையீரல் மட்டும் வைத்துப் பிரயோஜனமில்லை, காற்றை எடுத்துக்கொண்டு போக ரத்தம் வேண்டும், ரத்தத்தைச் சுத்தம் செய்யக் குண்டிக்காய் வேண்டும், ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது என்று மூச்சுப்பிடித்து விளக்கினேன். அவர் குண்டிக்காயையும் தன் பக்கம் நகர்த்திக் கட்டிக்கொண்டார். அதில் குண்டிக்காய்க்காரர்கள் இரண்டு பேரும் அவரோடு சண்டைக்குப் போனார்கள். சண்டையை நிறுத்துவதற்காக நான் வாய் தவறி, "வலிங்கதே வயித்துல இல்லை, நரம்பு வழியா மூளைக்குச் சேதி போய் மூளைதான் வலிக்குதுன்னு சொல்லுது" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு பிளாரன்ஸ் அக்கா, "ஒங்க வீட்டு மதில்மேல அது சும்மாத்தான கெடக்கு?" என்றார்கள். நான் வீடு போய்ச் சேருமுன் மூளையும் குருசடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் சொன்ன ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஓர் உருப்படி போயிற்று. உடம்பில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கிறது என்பதைத் தாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அக்கம்பக்கத்தில் ஆர்.சி.க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும்.

கடைசியில் உபதேசியார்தான் வழி சொன்னார். எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும் என்றால் சேர்த்தே வைப்போம், பொம்மையைக் கொண்டுவாருங்கள் என்றார். இன்று செவ்வாய், அந்தோணியார் நாள். காலையில் நானும் தொம்மை அண்ணாச்சியும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு சபை மூப்பர் பட்டப்பகலில் குருசடி வாசலில் நிர்வாணப் பொம்மையோடு நின்ற கோலத்தை நம் பாதிரி ஐயர் பார்க்கவில்லை என்றுதான் நம்புகிறேன். ஒவ்வொருவராக வந்து தங்கள் உறுப்பை முத்தமிட்டு, அததன் இடத்தில் வைத்தார்கள். நான் இடம் காட்டினேன். குடலைச் சுருட்டி உள்ளே தள்ள நாலு பேர் வேண்டியிருந்தது. ஜெபம் முடிந்ததும், எல்லார் மனசும் குளிர்ந்து, "கொண்டுபோங்க ஐயா, எங்க ஜெபம் அதுக்குள்ள இருக்கு" என்று கொடுத்துவிட்டார்கள். வயிற்றுவலி குறைந்த மாதிரி இருக்கிறது என்று பிளாரன்ஸ் அக்கா வேறு சொல்கிறார்கள்.

ஆக, எட்டு உருப்படி கைக்கு வந்துவிட்டது. ஈரலில் வார்னிஷ் போயிருக்கிறது, அது முத்தத்தால். இரைப்பையில் மெழுகு சொட்டியிருக்கிறது. பெயர் கீறியதை இன்ஸ்பெக்டர் கேட்டால் லத்தீன் என்று சொல்லிச் சமாளிக்கவும். இருதயம் மட்டும் இல்லை. அதைத் தொம்மை அண்ணாச்சிதான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்பது என் திடமான நம்பிக்கை. ரத்தம் ரத்தம் என்று நான் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். "இருதயத்தைக் கண்டியளா அண்ணாச்சி?" என்று நேராகவே கேட்டேன், "எனக்கு என்ன தெரியும்" என்று சங்கு அள்ளும் வலையை உதறினார். உதறிய வலையில் சிக்கே இல்லை, அத்தான்! ஆகையால் தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் பள்ளிக்கூட முத்திரை போட்ட தாளில், சர்க்கார் சாமானைத் திருடியது குற்றம், வியாழன் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் போலீசுக்கு எழுதுவோம் என்று அவர் பெயருக்கு ஒரு காட்டமான கடிதம் தந்தி வேகத்தில் அனுப்பவேண்டும். படிக்காத ஜனங்களை இப்படி மிரட்டினால்தான் வழிக்கு வருவார்கள். தங்கள் வேலை உயர்வு இதில்தான் இருக்கிறது.

மதினிக்கு எங்கள் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். பெரியவனுக்குக் கணக்கு வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், எனக்கும் வரவில்லை, மூட்டை எண்ணித்தான் பிழைக்கிறேன். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
த. கிருபாநிதி

பின்குறிப்பு: தொம்மை அண்ணாச்சியைப் பற்றி மேலே எழுதிய பகுதியைத் தயவுசெய்து கிழித்து அடுப்பில் போடவும். யாருக்கும் காட்டமான கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம். உறை ஒட்டப் பசை கேட்டபோது ஜெயபாய் கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு, "அந்த மனுசனை எதுக்கு வம்புக்கு இழுக்கிய? இருதயத்தை வச்சது நான்தான்" என்றாள். சனிக்கிழமை நான் தெருமுனை திரும்பியதுமே முந்தானையில் மூடிக்கொண்டு போய், அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் மாலைக்கடியில் வைத்திருக்கிறாள். உள்ளே இருக்கிற உறுப்பையும் நேர்ச்சையாக வைக்கலாம் என்று பிளாரன்ஸ் அக்காவுக்குத் தெரிந்ததே அதைப் பார்த்துத்தானாம். தொம்மை அண்ணாச்சியும் பார்த்திருக்கிறார். நான் நேராகக் கேட்டும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. "ஏளா, நம்ம சபையென்ன, இதென்ன?" என்று சத்தம் போட்டேன். அவள், "ஹார்பர்ல இருந்து வரும்போது உப்பளத்து முக்குல ஒண்ணு, பள்ளிவாசல்கிட்ட ஒண்ணு, நம்ம தெருவுக்குள்ள ரெண்டு, நாலு எடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னு நின்னு வாரிய. நான் பாக்கலைன்னு நெனச்சியளா?" என்றாள். அத்தான், நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு டாக்டரிடம் நெஞ்சைக் காட்டுவதாக வேதத்தின்மேல் கைவைக்கச் சொல்லி வாக்கு வாங்கிவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால், ஒன்பதாவது உருப்படியையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானே வந்துவிடுவேன். வேறு ஏதாவது சொன்னால் எட்டோடுதான் வருவேன். அப்போது ரிஜிஸ்டரில் எட்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்; இருதயம் அங்கேயே இருக்கட்டும்.