அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பழுதுபார்த்தோம்

மாட்சிமை பொருந்திய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மச்சினி, இந்த வீட்டின் வால், சுருண்டு உட்கார்ந்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கச் சொன்னார் அம்மா; தொடங்கிவிட்டேன். உங்கள் கப்பலுக்குப் போன் எட்டாததால், அதில் ஏறப்போகும் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறோம். வழியில் பிரித்துப் படித்தால் அவர் சமையலில் உப்பு கூடட்டும்.

நம் தையல் கடையில் எதற்கும் ஒரே வைத்தியம்தானே, தையலைப் பிரித்துத் தளர்த்துவது. ஏழாம் மாதம் அக்காவின் கை வீங்கியது. அம்மா சட்டைக் கையைப் பிரித்துவிட்டார். இன்னும் வீங்கியது, இன்னும் பிரித்தார். காலையில் முகம் உப்பியிருந்தது. "புள்ளத்தாச்சிக் களைம்மா அது" என்றார் அப்பா. "அப்போ பிடுங்கிடலாமே" என்றேன். அக்கா கத்தரிக்கோல் உறையை என்மேல் வீசினாள். கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். அப்பா பல்பை மாற்றினார். தலை பிளக்கிறது என்றாள். மெஷின் சத்தம்தான் என்று அதற்கு எண்ணெய் விட்டோம். சீருடை ஆர்டர் அவசரத்தில் மாதப் பரிசோதனையும் தள்ளிப்போனது. மெஷின் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, அத்தான். அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பழுதுபார்த்தோம்.

தைத்த கோட்டை வாங்க வந்த நர்ஸம்மா, கோட்டைப் பார்க்காமல், நெற்றியை அழுத்திக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"தலைவலி எத்தனை நாளா?"

"மெஷின் சத்தம், மேடம்."

"மெஷினுக்கா வலிக்குது? மேல் வயிறு?"

"செரிக்கல, அவ்வளவுதான்."

"கால் எல்லாருக்கும் வீங்கும். முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலை வலிச்சு, கண்ணும் மங்குதுன்னா வீட்ல உக்காந்திருக்கக் கூடாதும்மா. கிளம்பு!"

ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. "அந்தப் பட்டையையும் கொஞ்சம் தளர்த்தலாமே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிறுநீரில் புரதம் போகிறதாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்கு வலிப்பு வந்தது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அப்பா இஞ்ச் டேப்பைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நடையில் நின்றார். அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். நாம் தைத்து வைத்த சட்டை அவளுக்குப் போர்வைக்கு ஆகும். மூக்கு உங்களுடையது, பாவம்.

தாயும் சேயும் தேறி வருகிறார்கள். ஒப்பந்தம் முடியும் முன் நீங்கள் ஓடிவர வேண்டாம் என்பது அம்மாவின் ஆணை. அப்பா ஆசி சொல்லச் சொன்னார். பாதி சொல்லிவிட்டு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனார், மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

பணிவு பழகும்,
வால்

பின்குறிப்பு: அம்மா படித்துப் பார்த்து ஒட்டச் சொன்னது மேலே உள்ளது. உறையைப் பிரித்து இதை நான் எழுதுகிறேன். கண்ணாடிப் பெட்டி இன்று காலை காலியாகிவிட்டது, அத்தான். குழந்தை தங்கவில்லை. அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்து, "மறுபடி தலை வலிக்குதுடி. யார்கிட்டயும் சொல்லாத, என்னை வீட்டுக்கு விடமாட்டாங்க" என்றாள். நான் ஓடிப்போய் நர்ஸிடம் சொல்லிவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகும் அழுத்தம் ஏறுமாம். மறுபடி ஊசி போட்டுக் காவல் இருக்கிறார்கள். அக்கா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும். கோபப்படவாவது அவள் இருக்கட்டும். நீங்க வாங்க.