வளைவுகளில் வெடித்த காந்த நட்சத்திரம்

காரவள்ளியிலிருந்து மலையேறிச் செம்மேடு போகும் எங்கள் பஸ்ஸில் யாரும் வாந்தி எடுப்பதில்லை. அதற்குக் காரணம் எலுமிச்சம்பழம் அல்ல, வானத்தில் செத்துப்போன ஒரு நட்சத்திரம். அதை எழுபது வளைவிலும் ஏற்றிக்கொண்டு வருபவர் எங்கள் கண்டக்டர். பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'காந்தம்'.

செம்மேட்டில் ஒரு விடுதிச் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஆனால் பஸ் வளைந்தாலே எனக்குக் குடல் புரளும். இறங்கியதும் படுத்துவிடுவேன்.

"இன்னொரு நாள் இப்படி வந்து படுத்தீங்கன்னா வேற ஆளைப் பாத்துக்கறேனுங்க" என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார்.

மறுநாள் முதல் வளைவிலேயே காந்தம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, பள்ளத்தைப் பாக்காதீங்க, மேலே பாருங்க. அங்கே ஒரு நட்சத்திரம் செத்துக் கிடக்குது. நம்ம மலை அகலந்தான் இருக்கும். எடை சூரியனை விட ஜாஸ்தி! இந்த மலையை அந்த மாதிரி அமுக்குனா ஒரு குடத்துல அடங்கிரும்."

"குடத்தை யாரு தூக்கறது?" என்றார் பின் சீட்டு மிளகு வியாபாரி.

"நீங்க தூக்க வேண்டாமுங்க, கேளுங்க போதும். அது முழுக்கக் காந்தம். அந்த இழுப்புத் தாங்காம அதோட மேலோடு வெடிக்கும். அந்த அதிர்ச்சியில ரேடியோ அலை பாயும். சூரியன் நாள்கணக்குல கொட்டறதைக் கண் சிமிட்டறதுக்குள்ள கொட்டிரும்!"

"எந்த எஃப்.எம்.முங்க?" என்றார் வியாபாரி.

"பாட்டெல்லாம் வராது சாமி. விஞ்ஞானிங்க இப்படித்தான் இருக்கும்னு நினைக்கறாங்க. இன்னும் சத்தியம் பண்ணல" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நட்சத்திரத்தோட மேலோடு ஏன் வெடிச்சுது? அடுத்த வளைவுக்குள்ள சொல்லோணும்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு, அந்தப் பயத்தில் வயிறு இருப்பதே மறந்துபோனது.

அதற்கப்புறம் தினமும் இதே கதை, இதே கேள்வி. அந்த வாரக் கடைசியில் காந்தத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. கதை இல்லாமல் இரண்டு வளைவு தாண்டியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேலை போச்சு என்று கண்ணை மூடினேன். அவர் என் தோள் பக்கத்துக் கம்பியைத் தட்டி, என்னையும் வானத்தையும் மாறி மாறிக் காட்டினார். 'நீங்க சொல்லுங்க' என்று அர்த்தம்.

எழுந்து நின்றேன்.

"ஒரு... நட்சத்திரமுங்க. நம்ம பஸ் அளவு..."

"மலை அளவு!" என்று மொத்த பஸ்ஸும் கத்தியது.

"அது குடத்துல விழுந்து..."

"ஐயோ, குடம் வேற, நட்சத்திரம் வேற கண்ணு!" என்று அலறினார் மிளகு வியாபாரி.

நான் உளற, அவர்கள் திருத்த, திருத்தியவர்களுக்குள் சண்டை வர, செம்மேடு வந்துவிட்டது. நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வேலை நிலைத்தது. நன்றி சொல்லத்தான் இன்னும் கூச்சம். அதற்குப் பதிலாக, காந்தம் கதையை ஆரம்பித்தால், முழுவதும் மனப்பாடமான நான் ஒன்றும் தெரியாதவள்போல், "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே வருகிறேன்.